ஓடினவைக்குத்தான் கதிரை

அதை விடும் ராணி, இதைக் கேளும். மல்வேர்ன் பஸ்ஸில எனக்கு முன் சீற்றில ஒரு தகப்பனும் மகளும். மகள் சொல்லுறாள், "வருசக்கணக்கா ஓடினவைக்குத்தான் அப்பா அந்தக் கதிரை." நான் காதைத் தீட்டினன்.

யூனிவேர்சிற்றிப் பிள்ளையளின்ர ஃபுட்போல், உந்த முட்டை மாதிரிப் பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறது. அவள் அதில ஓடித்திரியிற றெஃபரியாம். இப்ப மேல அறைக்குள்ள கதிரையில இருந்து வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுற வேலைக்குச் சோதினை எழுதிப்போட்டு, மறுமொழிக்குக் காத்திருக்கிறாள்.

"வீடியோவிலயும் வடிவாத் தெரியாட்டி?"

"தெரியேல்லை எண்டு சொல்லவேணும் அப்பா. அப்ப கீழ மைதானத்தில நிண்ட றெஃபரி சொன்னதுதான் முடிவு."

"நீ வீட்டில ஒருநாளும் தெரியேல்லை எண்டு சொன்னதில்லையே."

"அதுக்குத்தான் ரெயினிங் தந்தவை."

அந்த நேரம் பாத்து அவளின்ர ஃபோனில மெசேஜ் வந்திட்டுது. அவள் வாசிச்சுப்போட்டு, "என்னை எடுத்திட்டினம் அப்பா" எண்டாள்.

தகப்பன் நம்பேல்லை. "திருப்பி வாசி. மெல்லமா."

வாசிச்சாள்.

"இன்னொருக்கா."

இந்தமுறை பஸ் முழுக்கக் கேட்டுது. அதுக்குப் பிறகுதான் மனுசன் எழும்பிப் போய் டிரைவரிட்டச் சொன்னார், "என்ர மகளை எடுத்திட்டினம்." எனக்கெண்டால் கை தட்டவேணும் போல... பொறும் ராணி, சோறு அடிப்பிடிக்குது.