தலையாட்டினால் போதாது

வெயில் தணிந்தும் மழை தொடங்காத இடைக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான அம்மையார் ஒருவர் மருத்துவமனையின் கீழ்த்தள ஆய்வகத்தில் இடக்கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெறும் வயிறு. சர்க்கரைப் பரிசோதனை. மூன்று முறை ரத்தம் எடுக்கப்படும் என்றும், இரண்டு மணி நேரம் இடத்தைவிட்டு எழுந்து நடமாடக் கூடாது என்றும் சீட்டில் அச்சிட்டிருந்தது. ரத்தம் எடுப்பவர் பேசுவார் என்று அச்சிட்டிருக்கவில்லை.

"…அதைத்தான் சொல்றேன், மூணு மாசமா வீட்ல இதே பாட்டு. கையை நல்லா மடக்குங்க அக்கா. ரப்பர் பட்டை கொஞ்சம் இறுக்கும். ஒரே பொண்ணு. மார்க்குக்கு ஒரு குறையும் இல்ல. எங்கே வேணா கூப்பிடுறாங்க. இது போய் எந்தப் படிப்புக்கு எழுதி வெச்சிருக்குன்னு கேளுங்க. இல்ல, இப்ப கேக்காதீங்க, முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

பெயர் அந்த ஆய்வகப் பெண்மணியின் கையிலிருந்த சீட்டிலேயே இருந்தது. சுருக்கெழுத்தாளர் அதைப் பார்த்தார்.

"இருக்கு, நானும் பார்த்துட்டேன். ஆனா நீங்க உங்க வாயால சொல்லணும். நானா 'இன்னார்தானே'ன்னு கேக்கக் கூடாது. கேட்டா எல்லாரும் தலையாட்டிடுவாங்க. பசி, பயம், ஊசியைப் பார்த்தாலே பாதிப் பேருக்குக் காது அடைச்சுடும். அப்படித்தான் ஒரு ஆளு தலையாட்டி, பக்கத்து நாற்காலிக்காரரோட மஞ்சள்காமாலை இவர் பேருக்குப் போய், இவர் பத்து நாள் பத்தியம் இருந்தாரு. நல்லா இருந்த மனுஷன். அது என் கையால நடக்கலை, எனக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துல. அதுலேர்ந்து இங்க இதான் சட்டம். நான் பேரைச் சொல்லக் கூடாது. நீங்க சொல்லணும்."

சுருக்கெழுத்தாளர் பெயரைச் சொன்னார். இந்தச் சட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. அவர் வேலையிலும் சாட்சி தலையாட்டினால் அது குறிப்பில் ஏறாது; வாயால் சொல்லும்வரை பென்சிலை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் அப்படிக் காத்திருந்து பழகியவர்.

ஊசி ஏறியது தெரியவில்லை. சாம்பல் நிற மூடியிட்ட குழாய் நிறைந்தது. ஆய்வகப் பெண்மணி அவர் கண்ணெதிரிலேயே குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டி, அடுத்து ஒரு குவளை நிறையச் சர்க்கரைத் தண்ணீரை நீட்டினார்.

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சுடணும். குமட்டும், துப்பிடாதீங்க, துப்பினா நாளைக்கு மறுபடியும் வரணும்… என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், படிப்பு. இந்த நாட்டுல பள்ளிக்கூடம் முடிச்சதும் நேரா டாக்டருக்குச் சேர்க்க மாட்டாங்களே, தெரியுமில்ல? முதல்ல மூணு வருஷம் ஒரு டிகிரி. அப்புறம் நுழைவுத் தேர்வு. அப்புறம்தான் அது. முதல் டிகிரி எதுவா வேணா இருக்கலாம்னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க பாருங்க, குடும்பத்தைக் கெடுக்கறதே அந்த ஒரு வார்த்தைதான். எது வேணாலும்னா நிஜமாவே எது வேணாலுமா? அதுக்குள்ள நாலு பாடம் இருந்தாகணும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு. நாலும் வேணும்னா உயிரியல் டிகிரியில கண்ணை மூடிட்டு உக்காரலாம், எல்லாம் அதுலயே வந்துடும். மாடியில இருக்காரே பெரிய டாக்டர், அவர் இலக்கியம் படிச்சவராம். நாலு பாடத்தையும் மாலை வகுப்புல முடிச்சாராம். அதனாலதான் அவர் எழுதறது யாருக்கும் புரியலை. குடிங்க, பாதி இருக்கு."

சுருக்கெழுத்தாளர் மீதிப் பாதியைக் குடித்தார். சுவரில் மணி எட்டு இருபத்தைந்து. ஆணியில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. ஒன்று புதியது, ஒன்று பழையது. மூலையில் மைக்ராஸ்கோப், அதன் அருகே ஒரு சின்ன ஸ்டூல்.

"எங்க பொண்ணு என்ன எழுதியிருக்கு தெரியுமா? ஆய்வக அறிவியல். அதான், இது. நான் பண்ற இதே வேலை. இடமும் குடுத்துட்டாங்க. அந்தப் படிப்புல நாலு பாடத்துல ரெண்டுதான் இருக்கு. மீதி நேரம் பூரா இப்படி எங்கயாவது குழாயைக் கழுவிட்டு நிக்கணும். டாக்டருக்கான கதவு அதோட சாத்திக்கும். இருபத்திரெண்டு வருஷம் நான் இந்தக் கீழ்த்தளத்துல வெளிச்சம் இல்லாம இருந்தது எதுக்கு? அவ மாடிப்படி ஏறணும்னுதான். ஏற வேண்டியவ, கீழேயே ஒரு நாற்காலி போடுங்கறா."

இடையில் ஒரு முதியவர் வந்து பெயர் சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, 'அவகிட்டயே கேளேன்'ங்கறார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். மேல போனாலும் சரி, கீழ போனாலும் சரி, நடுவுல நிக்காம இருந்தா போதும்பார். பொண்ணு வாழ்க்கையும் அவருக்கு அப்படித்தான். நான் கேக்காமலா இருக்கேன்? எத்தனை தடவை கேட்டிருக்கேன்."

ஒன்பது இருபதுக்கு இரண்டாவது முறை. அவர் பெயரைக் கேட்டார், சுருக்கெழுத்தாளர் சொன்னார், குழாய் நிறைந்தது. பேச்சு ஒரு கணமும் நிற்கவில்லை.

"டாக்டர்னா என்னமோன்னு நினைச்சுக்காதீங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? நாங்க எழுதி அனுப்பறதைப் படிக்கிறாங்க. அவ்வளவுதான். ஏழு வருஷம் முன்னாடி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தாரு. காய்ச்சல், அசதி. மேலேர்ந்து சீட்டு வருது, சாதாரணக் காய்ச்சல்னு. நான் ஒரு சொட்டைக் கண்ணாடியில தடவி அதோ அந்த மைக்ராஸ்கோப்ல பார்க்கறேன். இருக்கக் கூடாத அணு இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா. மேல போன் பண்றேன், 'அப்புறம் பார்க்கலாம்'ங்கறாங்க. மறுபடி பண்றேன். மூணாவது தடவை நானே மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். டாக்டர் டீக்கப்போட இறங்கி வந்தார். பார்த்தார். டீ ஆறிப்போச்சு. அன்னிக்கு ராத்திரியே வாத்தியாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. ரத்தப் புற்று. பிழைச்சுட்டார்."

அவர் பஞ்சைத் துண்டு துண்டாகப் பிய்த்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் ஒரு பழக்கூடையைத் தூக்கிட்டு நடந்தே வந்தார் அந்த மனுஷன். இந்த வாசல்ல நின்னு, 'மாடிக்கு எந்தப் பக்கம்?'னு கேட்டார். நான்தான் வழி காட்டினேன்."

பென்சில் கையில் இல்லாதது சுருக்கெழுத்தாளருக்கு என்னவோ போல் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குப் பழம் ஒண்ணும் வேண்டாம். நான் சொல்ல வந்தது வேற. இந்தக் கதையைப் பொண்ணுகிட்ட ஒரு நூறு தடவை சொல்லியிருப்பேன். 'பாரு, நல்லாப் படிச்சு மாடிக்குப் போயிடு, கீழ இருந்தா இப்படித்தான்'னு புத்தி வரட்டும்னு சொன்னேன். அவளும் அப்ப இங்கதான் இருந்தா. பதினோரு வயசு. பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவா. அன்னிக்கு அவளையும் பார்க்க விட்டேன், அந்தக் கண்ணாடியை. விட்டிருக்கக் கூடாது. இப்ப என்ன சொல்றா தெரியுமா? 'அந்த வாத்தியாரோட நோயைக் கண்டுபிடிச்சது யாரும்மா? டாக்டருக்கு என்ன தெரியும்னு நீதானே தினம் சாப்பிடறப்போ சொன்ன?'ங்கறா. சாப்பிடறப்போ ஆயிரம் சொல்வோம். அதையெல்லாமா ஒரு பொண்ணு குறிச்சு வெச்சுக்கும்?"

ரத்தக் குழாய்களை வேகமாகச் சுற்றும் சுழல் இயந்திரம் ஒன்று உறுமத் தொடங்கியது. அவர் அதற்கேற்பக் குரலை உயர்த்தினார்.

"எல்லாத்துக்கும் இன்னிக்கு ஒரு முடிவு. பாருங்க."

கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளையும் ஓர் உறையையும் எடுத்துக் காட்டினார்.

"பாடம் மாத்தற படிவம். கல்லூரியில இன்னிக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் வாங்குவாங்க, அதுக்கப்புறம் வாங்க மாட்டாங்க. உறையில மாத்தறதுக்கான கட்டணம். நானே பூர்த்தி பண்ணிட்டேன். ஆய்வக அறிவியலை விட்டு உயிரியல். கையெழுத்து மட்டும்தான் பாக்கி, அது அவதான் போடணும். பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கேன். வங்கியில ஒரு காகிதத்துக்குக் கையெழுத்து வேணும்னு சொல்லியிருக்கேன். படிக்காம போட்டுடுவா, என் மேல அவ்வளவு நம்பிக்கை. போட்டாச்சுன்னா அந்த இடம் வரிசையில அடுத்து நிக்கற பொண்ணுக்குப் போயிடும். அழுவா. ரெண்டு நாள் அழுவா. பத்து வருஷம் கழிச்சு மாடியில உக்காந்து எனக்கு நன்றி சொல்லுவா."

சுருக்கெழுத்தாளர் அந்தத் தாளைப் பார்த்தார். கட்டங்களுக்குள் அச்சு போன்ற எழுத்து. குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டின் எழுத்து. மாணவியின் விருப்பத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'சிறுவயது முதல் ஆசை' என்று எழுதியிருந்தது.

"பொய் இல்ல அது. சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஆறு வயசுல கேட்டேன், 'நீ டாக்டர்தானே ஆகப்போற?' தலையாட்டினா. பன்னெண்டு வயசுல, பள்ளிக்கூடத்துல ஏதோ தாள்ல எழுதணும்னு வந்தப்போ, 'டாக்டர்தானே?'ன்னேன். தலையாட்டினா, எழுதிக் குடுத்தேன். போன வருஷம்கூட, 'உயிரியல்தானே?'ன்னேன், நல்லா ஞாபகம் இருக்கு, வாயில சோறு, தலையை ஆட்டினா. அப்பெல்லாம் ஆட்டின தலைக்கு இப்ப என்ன வந்துச்சு?"

மணி பத்து இருபதாயிற்று. சுழல் இயந்திரம் நின்றது. ஆய்வகப் பெண்மணி ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் வாசலிலுமாக ரப்பர் பட்டையைக் கட்டினார், மூன்றாவது குழாயை எடுத்தார், மேசையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பார்த்து, சுருக்கெழுத்தாளரின் பெயரைத் தாமே முழுதாகப் படித்து, "தானே?" என்றார்.

சுருக்கெழுத்தாளர் தலையாட்டவில்லை.

ஊசி கைக்கு ஓர் அங்குல தூரத்தில் நின்றது. "என்னக்கா, நீங்கதானே?" என்று அவர் மறுபடி கேட்டார். சுருக்கெழுத்தாளர் சாட்சி சொல்லாத இடத்தில் காத்திருக்கும் அதே முகத்தோடு, வாயைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை இறுகிய கை மெல்லச் சிவந்தது.

காலையிலிருந்து முதன்முறையாக அந்த அறையில் கடிகாரத்தின் ஓசை கேட்டது.

ஆய்வகப் பெண்மணி ஊசியைத் தட்டில் வைத்தார். பட்டையைத் தளர்த்தினார். குழாயைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பிறகு தம் கோட்டுப் பையைப் பார்த்தார்.

"இருபத்திரெண்டு வருஷத்துல இதான் முதல் தடவை," என்றார். பிறகு, "இங்க முதல் தடவை," என்றார்.

அவர் மறுபடி பட்டையைக் கட்டினார்.

"உங்க பேர் என்னக்கா?"

சுருக்கெழுத்தாளர் சொன்னார். ரத்தம் வந்தது. பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டது. பஞ்சை அழுத்திப் பிடிக்கும்படிகூட அவர் வாயால் சொல்லவில்லை; சுருக்கெழுத்தாளரின் விரலை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார்.

பத்தரைக்கு மகள் வந்தாள். உயரமான பெண், வந்தவள் பழக்கத்தினால் அந்தச் சின்ன ஸ்டூலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். "எங்கம்மா அந்த வங்கிக் காகிதம்? பேனா குடு," என்று கையை நீட்டினாள்.

தாய் படிவத்தை எடுத்தார். கொடுக்கவில்லை.

"நீ என்ன படிக்கணும்?"

"மறுபடியுமா? உயிரியல்தானே படிக்கணும்னு கேப்ப. நான் ஏதாவது சொன்னா…"

"நான் எதையும் சொல்லலை. பாடத்தோட பேரை நான் சொல்லக் கூடாது. நீ சொல்லு."

மகள் தாயைப் பார்த்தாள், நாற்காலியில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த அந்நியரைப் பார்த்தாள். "என்னம்மா, எனக்கும் ரத்தம் எடுக்கப் போறியா?"

"வாயால சொல்லு."

"ஆய்வக அறிவியல்."

"சத்தமா."

"ஆய்வக அறிவியல். எனக்கு அந்தக் கண்ணாடியில பார்க்கணும்மா. மாடியில உக்காந்து நீ எழுதி அனுப்பறதைப் படிக்கறதுக்கு எனக்கு ஆசை இல்ல. கீழேர்ந்து மூணு தடவை போன் பண்ணணும். அவ்வளவுதான்."

தாய் படிவத்தை இரண்டாகக் கிழித்து, ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவில் போடப் போய், அதில் காகிதம் போடக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டார்.

"சம்பளம் என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று தொடங்கினார். "தெரியாது. சொல்றேன் கேளு. பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். நாற்காலி ரத்தம் குடுக்கறவங்களுக்கு, உனக்கு இல்ல. கால் வீங்கும். ஒரு பய உன் பேரைக் கேக்க மாட்டான். அறிக்கையில கையெழுத்து மாடிக்காரரோடது. சிரிக்காத. சிரிக்கறதுக்கு ஒண்ணும் சொல்லலை…"

அடுத்த பேச்சு இன்னும் நீளமானது என்பது சுருக்கெழுத்தாளருக்குத் தெரிந்தது. அது தமக்கானது அல்ல என்பதும் தெரிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு, பஞ்சை அழுத்தியபடியே வெளியேறினார். தெருமுனைக்கு வந்த பிறகுதான், பரிசோதனைக்குப் பணமே கட்டவில்லை என்பது உறைத்தது.

அதை அவர் சனிக்கிழமை, முடிவுத் தாளை வாங்கப் போனபோது முழுதாகக் கட்டினார். சர்க்கரை அளவோடுதான் இருந்தது. கீழே மாடி டாக்டரின் கையெழுத்து இருந்தது. ரசீது எழுதிக்கொண்டே ஆய்வகப் பெண்மணி, கேட்காமலேயே, மற்ற கணக்கையும் சொன்னார். முதல் பருவக் கட்டணத்தை வெள்ளிக்கிழமை காலையே கட்டியாகிவிட்டது: பாதி லிஃப்ட்காரருடையது, மீதியில் அந்த உறையிலிருந்த பணமும் சேர்த்தி. புத்தகங்களுக்கு மகள் தன் சேமிப்பிலிருந்து கொடுத்திருந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு யாரும் எதுவும் கட்டவில்லை. ஆணியில் புதியதைக் காணோம்; பழைய கோட்டு மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தது.