கரும்புக் காட்டுப் பெரட்டு

விடியக்காலை நாலே முக்கால் மணி. ஆளில்லாத ரோடு. இரண்டு பக்கமும் கரும்பு... நம் லயத்து வீட்டுக் கூரையை விட உயரம். நடுவில் ஒருவன் முதுகில் பையோடு தனியாக நடந்துகொண்டிருக்கிறான்.

இது நம் லுணுகலை ரோடு இல்லை. அவுஸ்திரேலியா. சுரேஸ், இளிக்காதே. பேய்க்கும் விசா உண்டா என்று கேட்கத்தானே வாயைத் திறந்தாய்? இருட்டினால் பீலியில் தண்ணீர் பிடிக்கவே துணைக்கு ஆள் தேடுகிறவன் நீ. சும்மா இருந்து கேள்.

எல்லோரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது. அந்தக் கதவோரம் பாய் போட்டுப் படுத்திருக்கிறாளே சிவசக்தி, இது அவள் தம்பியின் கதை. இப்போதுதான் கண் அசந்தாள். மண்சரிவு வரும் என்று மூன்று லயத்து ஆட்களையும் இந்தப் பள்ளிக்கூட ஹோலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கரண்டும் இல்லை, மழையும் விடவில்லை. இந்தக் கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் சாயந்தரம் பேர் வாசித்தபோது நடந்ததை நீங்களும் கேட்டீர்கள். இனிச் சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

குளவி கொட்டி அவர்களுடைய அம்மா சாகும்போது தம்பி நிஷாந்துக்கு ஆறு வயது. சிவசக்திக்குப் பதினெட்டு. அவள்தான் தேயிலைக் கொழுந்தெடுத்து அவனைப் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் "தம்பி ஒரு நெலைக்கு வரட்டுங்க" என்று சொல்லியே அனுப்பினாள். அவனும் வந்தான். ஸ்கொலர்ஷிப் கிடைத்து பிரிஸ்பேனுக்குப் படிக்கப் போனான். மூன்று வருஷம் அவன் முகத்தை அவள் போனில்தான் பார்த்தாள். படிப்பு முடிந்து, தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வருவதற்கு டிக்கட் எடுத்தான். அதை அனுப்பியதும் இவள் லுணுகலைக்குப் போய்க் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அவன் வந்து வாசலில் நிற்க வேண்டும்.

வருவதற்கு முன் ஒரு மாதம் கடற்கரையோரமாக வடக்கே சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். தங்குவது ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். "நம்ம காம்பராவே பரவாயில்ல போலிருக்கே" என்றாள் சிவசக்தி. தினம் படம் வரும். கண்ணாடி மாதிரிக் கடல்... ஆனால் இறங்க முடியாது. தொட்டால் ஆளையே கொல்லுகிற ஜெலிமீன் இருக்கிறதாம், வலை கட்டி அதற்குள்தான் குளிக்கிறார்கள். ஆற்றோரமெல்லாம் முதலைப் படம் போட்ட பலகை. காட்டுக்குள் ஆள் உயரத்துக்கு நீலக் கழுத்துப் பறவை ஒன்று, உதைத்தால் குடல் வெளியில் வந்துவிடுமாம். ஒவ்வொரு படத்துக்கும் இவள் அங்கேயெல்லாம் போகாதே என்று ஏசுவாள். அவனோ சிரிப்பான். மழையும் ஈரமும் வாழையும் மலையில் மூடுகிற பனியும்... "கண்ண மூடிக்கிட்டா பதுளை மாதிரியே இருக்குக்கா" என்றான்.

நவம்பர் கடைசி. ராத்திரி பஸ் அவனை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. தங்கும் இடத்துக்குக் கரும்பு ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பயம் தெரியாமல் இருக்க அக்காவுக்கு வொய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டே நடந்தான். நமக்கு அப்போது ராத்திரி பன்னிரண்டே கால்.

அதைக் காலையில் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு நானும் அவளும் சேர்ந்து கேட்டோம். முஹ்ஸினா டீச்சர், நீங்கள் டவுன் ஆள், பெரட்டு உங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போகுமுன் எல்லோரும் களத்தில் நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பிந்தி வந்தால் வெரட்டிவிடுவார்கள், அன்றைக்கு வேலை இல்லை. அதனால் ஒருத்தியின் பேருக்குப் பதில் வராவிட்டால், பக்கத்தில் நிற்பவள் "வருதுங்கய்யா" என்று சொல்லிவிடுவாள். கைப்பிள்ளைக்காரிகளுக்காக நாங்கள் தினம் சொல்லுகிற பதில்தான். ஆனால் அது வாக்கு. வரும் என்று சொல்லிவிட்டால் அவள் வந்தே ஆக வேண்டும். நிஷாந்த் சின்னவனாக இருந்தபோது களத்துக்கு முன்னால் ஓடி வந்து நிற்பான். அக்கா அவனுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பிந்தித்தான் வருவாள். அவள் பேரைக் கூப்பிட்டதும் கீச்சுக் குரலில் கத்துவான், "அக்கா வருதுங்கய்யா!" களமே சிரிக்கும்.

சரி. அந்த மெசேஜ்.

முதலில் அவன் நடக்கிற சத்தம். சரக்... சரக்... பிறகு ஒரு வீறிடல், பச்சைப்பிள்ளை அலறுவது போல. "பயப்படாதக்கா, அது ஒரு பறவ" என்றான். வெட்டின காட்டை எரித்திருக்கிறார்கள், காலெல்லாம் கரி, எங்கே பார்த்தாலும் பாகு காய்ச்சுகிற வாசம் என்றான். கரும்பாலை கிட்டத்தில் இருக்கிறதாம். பிறகு கரும்புச் சோகை உரசுகிற சத்தம் மட்டும்.

அப்புறம்... தப்பு மேளம்.

டண். டண்டண். டண். தூரத்தில். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு அடிக்கிற தப்பு. இப்போது நம் தோட்டத்தில்கூட யாரும் அடிப்பதில்லை. நிஷாந்தின் நடை நின்றது. பிறகு ஒரு ஆண் குரல், வயசான குரல், பேர் கூப்பிட்டது. தமிழில்.

"வேலாயி."

"இருக்கேன்."

"இராசையா."

"இருக்கேன்."

கரும்புக்குள்ளிருந்து பதில் வருகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

"சிவசக்தி."

பதில் இல்லை.

"சிவசக்தி."

நிஷாந்த் வாயைத் திறந்தான். பஸ்ஸில் தூங்கி எழுந்த குரல். யோசித்துச் சொன்னதில்லை, சின்ன வயதுப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "அக்கா வருதுங்கய்யா."

தாளில் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கத்தில். பிறகு அவன் மூச்சு வாங்கினான். "அக்கா... நான் யாருகிட்ட பேசுனேன்?" என்றான். அத்தோடு மெசேஜ் முடிந்தது.

சிவசக்தி சிரித்தாள். அரைத் தூக்கத்தில் பழைய ஞாபகம் வந்திருக்கும், யாராவது நம் பக்கத்து ஆட்கள் அங்கே வேலைக்கு இருப்பார்கள் என்றாள். அவனும் அன்றைக்குப் பகலில் பேசினான், நல்லபடியாகத்தான் இருந்தான். தங்கிய இடத்தில் விசாரித்தானாம். அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட எங்கெங்கோ தீவுகளிலிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள், சிலோனிலிருந்தும் வந்ததாகச் சொல்வார்கள் என்றார்களாம். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அன்று ராத்திரி பன்னிரண்டே காலுக்குப் பக்கத்துக் காம்பராவில் கதவு திறக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். சிவசக்தி வாசல் இஸ்தோப்பில் நிற்கிறாள். தலையில் கொழுந்துக் கூடை, வேலைக்குக் கட்டுகிற படங்குச் சாக்கு இடுப்பில். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிடித்து உலுக்கியதும் அழுதாள். "பிந்திருச்சு தயானி, பிந்திருச்சு" என்றாள். மறுநாள் ராத்திரி கோயிலடி வரைக்கும் போய்விட்டாள். அதற்கு அடுத்த நாள் பாலத்தடி. ஒவ்வொரு ராத்திரியும் தூரம் கூடியது. கூட்டி வந்து கால் கழுவி விடுவேன்... உள்ளங்காலெல்லாம் கரி. நம் ரோட்டில் ஏது கரி? மேலெல்லாம் பாகு வாசம்.

ஆறாம் நாள் ஓடையின் விளிம்பில் வைத்து அவள் முந்தானையைப் பிடித்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டாள். ஓடை முட்ட வெள்ளம். எனக்கு வந்த ஆத்திரத்தில், பயத்தில், அவளைப் படுக்க வைத்துவிட்டு நானே நிஷாந்துக்குப் போன் எடுத்தேன்.

என் வாய் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளையைக் கண்டபடி ஏசினேன். "வரும்னு சொன்னது நீதானே? அப்ப நீயே போயி வராதுன்னு சொல்லு. இல்லாட்டி ஒங்கக்காவ நீ பொணமாத்தான் பார்ப்ப" என்றேன். சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டான்.

அதற்குள் அவன் இன்னும் வடக்கே, காடு கடலில் வந்து முட்டுகிற இடத்துக்குப் போயிருந்தான். பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே இடத்தில், அதே நேரத்தில் போய் நின்றான். மெசேஜ் எனக்கு வந்தது. இந்தப் போனில்தான் இன்னும் இருக்கிறது. போடச் சொல்லாதீர்கள், போட மாட்டேன்.

தப்பு. பேர். "இருக்கேன்... இருக்கேன்..." பிறகு, "சிவசக்தி."

நிஷாந்த் தெளிவாகச் சொன்னான். "அக்கா வராதுங்கய்யா. அந்தப் பேர வெட்டிருங்க."

கரும்புகூட உரசவில்லை.

"ஆள் கொறையுதே" என்றது அந்தக் குரல். கோபமாக இல்லை. நம் கணக்கப்பிள்ளை தினம் சொல்வாரே, அப்படித்தான்.

நிஷாந்த் அழுதான். எனக்குக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் இருக்கேன்" என்றான்.

பென்சில் கீறியது. அதற்குப் பிறகு பதினொரு நிமிஷம் வெறும் நடை. நிறைய ஆட்கள். எல்லாம் வெறுங்கால்.

கரும்பு ஏற்றுகிற தண்டவாளத்தின் ஓரம் அவன் பையைக் கண்டெடுத்தார்கள். பைக்கு மேல் இரண்டு சப்பாத்தும் சேர்த்து வைத்திருந்ததாம். பொலிஸ் நாய் கொண்டுவந்து தேடியது, ஹெலிகொப்டர் வந்தது. பக்கத்தில் ஆறு இருக்கிறது, முதலை இருக்கிறது, வேறென்ன சொல்வது என்றார்கள். துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து சிவசக்தி தூக்கத்தில் நடப்பதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. கருமாதி செய் என்று எல்லோரும் சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. டிக்கட் இன்னும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது மெசேஜை நான் அவளுக்குக் காட்டவே இல்லை. அவன் ஏன் அங்கே திரும்பிப் போனான் என்று அவள் கேட்கும்போதெல்லாம் தெரியாது என்று சொன்னேன். பாவி, என்னை மண் மூடினாலும் தகும்.

இன்று சாயந்தரம் கிராம சேவகர் பேர் வாசித்தார். நீங்களும் இருந்தீர்கள். பழைய லிஸ்ட். குடும்பம் குடும்பமாக வாசித்துக்கொண்டே வந்தார். "சிவசக்தி." "இருக்கேன்." அடுத்து, "நிஷாந்த்." எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அந்தப் பிள்ளை இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"தம்பி வருதுங்கய்யா."

அந்த ஐயாவுக்கு என்ன தெரியும், பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். அவள் வந்து கதவோரம் பாய் விரித்தாள். பாதிப் பாயில்தான் படுத்தாள். தாழ்ப்பாள் போடப் போன சுரேஸை வேண்டாம் என்று தடுத்தாளே, அது இதற்குத்தான்.

மணி என்ன, டீச்சர்?

பன்னிரண்டரையா... அப்படியானால் நான் பேசிக்கொண்டிருந்தபோதே பன்னிரண்டே கால் தாண்டிவிட்டது.

யார் சீனி காய்ச்சுவது? இந்த நேரத்தில் அடுப்பு மூட்ட ஏது விறகு? உங்களுக்கும் வாசம் வருகிறதா?

சுரேஸ், டோர்ச்சை அடி. மேலே இல்லை, தரையில். கதவு எப்போது திறந்தது? ஈரத் தடம்... வெறுங்கால். கறுப்பாக இருக்கிறது. மெதுவாக அடி, முகத்தில் அடிக்காதே. தடம் எதுவரைக்கும் போகிறது பார்.

பாயோடு நிற்கிறது. யாரும் சத்தம் போடாதீர்கள், யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அவள் தூங்கட்டும்.

போர்வைக்கு வெளியே நாலு பாதம் தெரிகிறது. இரண்டு பாதத்தில் கரி.