"எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்னைப் பிடித்த பேயிடம் கேட்ட கேள்வி இது.

போய்விட்டதா என்கிறீர்களா? இல்லையம்மா, அது போகவில்லை. இப்போதும் இந்த மேடையில் என்னோடுதான் நிற்கிறது.

அஞ்ச வேண்டாம். தலைமை ஏற்றிருக்கும் ஆயம்மா அக்கா அவர்களே, ஈரக் கூந்தலை முடிந்தபடி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் என் கடற்கரைச் சொந்தங்களே, அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தங்கைகளே, நெல்லித்தோப்பு மகளிர் மன்றத்துக்கு இந்த ஜெயசித்ராவின் வணக்கம்.

அது மாதாமாதம் வரும். விலக்காவதற்கு முன்பே வரும். அடிவயிற்றில் அமரும். இடுப்பைக் கவ்வும். தொடை வழியே இறங்கும். நான் கத்துவேன். அது என் குரலாக இருக்காது. தெருநாய்கள் எழுந்து எங்கள் வாசலைப் பார்க்கும்.

என் மாமியார் குஞ்சம்மாள் என்ன நினைத்தார்? வலை காயும் மணலில் தலைவிரித்து நின்றேனாம். கடல் கன்னி என்னும் பேய் பிடித்துக்கொண்டதாம். சிரிக்கிறீர்களா? அதோ, மூன்றாம் வரிசையில் அவரும் சிரிக்கிறார்.

பூசாரி கோவிந்தசாமி வந்தார். கற்பூரப் புகை. உடுக்கை. என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"யாரு நீ? எங்க உக்காந்திருக்க? எப்ப எப்ப வருவ? என்ன குடுத்தா போவ?"

என் வாய் திறந்தது.

"எடது பக்கம் உக்காந்திருக்கேன். வெளிக்குப் போறப்ப கிழிப்பேன். புருசன் கிட்ட வந்தா குத்துவேன்."

சொன்னது யார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்கு முன் யாரும் கேட்காத உண்மை.

கயிறு கட்டினார்கள். அடுத்த மாதமும் அது வந்தது.

பிறகு மருத்துவமனை. டாக்டர் கேட்டார், "பொண்ணுக்கு என்ன?" அத்தை சொன்னார், "வயித்து வலிங்க." எங்கே என்று கேட்டார். அத்தை சொன்னார். எப்படி என்று கேட்டார். அத்தையே சொன்னார். ஸ்கேனைப் பார்த்தார். "கர்ப்பப்பைய எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க டாக்டர்" என்றார் அத்தை.

நான் அந்த அறையில்தான் இருந்தேன். சுவரில் என் நிழல் இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பேய் எது என்று அப்போது புரிந்தது, தாய்மார்களே. பேய் நான்தான். இருந்தும் இல்லாதவள்.

காதுக்குள் உடுக்கை அடித்தது. பூசாரி கேட்டதையே நானும் கேட்டேன்.

"டாக்டர், அது எங்க உக்காந்திருக்கு? கர்ப்பப்பைய எடுத்தா போயிடுமா?"

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "வெளியிலயும் ஒட்டியிருக்கு. எடுத்தாலும் வலி வரலாம்மா."

"வேற வழி?"

"மாத்திரை இருக்கு. இதையே பாக்குற டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேக்கலாம்."

"அப்ப கேட்டுட்டு வரேன். இப்ப எடுக்க வேணாம்."

"என்னாடி வாயாடுற?" என்றார் அத்தை.

"வலி எனக்கு அத்தை. நான் பேசறேன்."

அந்த இன்னொரு டாக்டர் விளக்கினார்: அதன் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவர் போன்ற ஒன்று, கருப்பைக்கு வெளியே வளர்வது. சினைப்பையில் ஒட்டும். குடலில் ஒட்டும். அடக்கலாம். அடியோடு போகும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் என் கருப்பை என்னிடம் இருக்கிறது. எந்த மாத்திரை எதற்கு என்று தெரியும். அடுத்த முறை என்ன கேட்க வேண்டும் என்றும் தெரியும். அத்தை இப்போதும் கூட வருகிறார். வாயைத் திறப்பதில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்!

பேயிடம் கேட்டோமே, பெண்ணிடம் கேட்டோமா? எங்கே என்று கேட்டோமா? எப்போது என்று கேட்டோமா? என்ன வேண்டும் என்று ஒருமுறையாவது கேட்டோமா?

முன்வரிசைத் தங்கச்சி, உன் பேர் என்ன? கவிநிலாவா? மாசாமாசம் சுருண்டு படுக்கிறாளா? அவ அம்மாதான அக்கா நீங்க? நீங்க சொல்ல வேணாம். அவ சொல்லட்டும்.

காத்திருப்போம்.

என்னம்மா? காலு வரைக்கும் இழுக்குதா?

கேட்டீர்களா? அது கன்னியின் குரல் அல்ல. அவள் குரல்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. இனிப் பேசப்போகும் வாய்களுக்கு என் வணக்கம்.

மேடையை விட்டு இறங்கினேன். கவிநிலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க உக்காந்திருக்கு?" என்று கேட்டேன்.