கிறிஸ்தோப்பர் அண்ணைக்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் யார் போவது?

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே! எங்கள் ஒன்றியத்தின் தலைவர் டெனிஸ்டன் அவர்களே! ஸ்டுட்கார்ட்டிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்திருக்கும் பொறியியலாளர் கிருஷ்ணசாமி அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அண்ணையின் மனைவி, எங்கள் பிறேமா அக்கா அவர்களே! வுப்பர்டாலிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் என் துயரம் நிறைந்த வணக்கம்.

நான் பாஸ்கரன். பேச்சாளன் அல்ல. கிறிஸ்தோப்பர் அண்ணையோடு ஒரே தொழிற்சாலையில் ஒரே மிசினில் நின்றவன். லீவு நாட்களில் அவருக்குப் பின்னால் மண்வெட்டி தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவன். துக்கம் மட்டும்தான் என்னை இங்கே கொண்டுவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தைச் சொல்லத்தான் நான் இந்த மைக்குக்கு முன்னால் வந்தேன்.

யாரை இழந்து நிற்கிறோம் நாங்கள்? பேசாலையில் பிறந்து, எண்பத்தைந்தாம் ஆண்டு மனைவியோடு ஜெர்மனிக்கு அகதியாக வந்து, மூன்று கிழமைக்கு முன்னர் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த இருப்பிலேயே போய்விட்ட ஒரு மனிதரையா? அது மட்டுமா? மண்ணறி செல்வர் கிறிஸ்தோப்பர்! அந்தப் பட்டத்தைக் கொடுத்தது எங்கள் ஒன்றியம். பொன்னாடையும் போர்த்தினோம். அடுத்த ஞாயிறு பார்த்தால், அந்தப் பொன்னாடையால் தன்னுடைய மெட்டல் டிடெக்டரைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "என்ன அண்ணை இது?" என்றேன். "மழை தூறுது பாஸ்கரன், எனக்குக் காய்ச்சல் வந்தால் மாறும், இதுக்கு வந்தால் மாறாது" என்றார். அப்படிப்பட்ட மனிதர்!

இளம் பிள்ளைகளுக்கும் இந்தியாவிலிருந்து வந்த நண்பர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கும். ஒரு தமிழ் அகதிக்கு ஜெர்மன்காரனின் காட்டுக்குள் உலோகம் தேடும் மிசினோடு என்ன வேலை? புதையலா எடுத்தார்?

புதையல்தான் எடுத்தார். எங்கட புதையல்.

எண்பதுகளில் வந்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் திறப்பதில்லை. அந்த மலைச்சரிவில், காட்டோடு ஒட்டியபடி ஹைம், அதுதான் அகதிகள் விடுதி, இருந்தது. ஒரு அறைக்குள் இரண்டு குடும்பம். மொழி தெரியாது. கதை மட்டும் நன்றாகப் பரவும். நகை இருந்தால் அம்ட், அதுதான் அரசாங்கக் கந்தோர், பறிக்கும் என்றார்கள். நகை வைத்திருப்பவன் அகதி இல்லை, அவனைத் திருப்பி ஏற்றுவார்கள் என்றார்கள். உண்மையோ பொய்யோ, யாரிடம் கேட்பது? ஊரில் ஷெல் அடித்தால் நாங்கள் என்ன செய்தோம்? நகையைப் பேணிக்குள் போட்டு வளவுக்குள் தாட்டுவிட்டு ஓடினோம். அதே கை இங்கேயும் அதைத்தான் செய்தது. தாலிக்கொடி, பிள்ளையின் காப்பு, அரைஞாண் எல்லாம் பால்மாப் பேணிக்குள் போய், ஜெர்மன் நகரசபையின் காட்டுக்குள் புதைந்தன.

பிறகு என்ன நடந்தது? ஒருநாள் காலையில் பெயர் வாசித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்கு. அந்த மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது என்று சட்டம். தோண்டி எடுக்கப் போவது எப்படி? வருசங்கள் போயின. வதிவிடக் கடதாசி கிடைத்தது, பாஸ்போட் கிடைத்தது, ஹைமை இடித்தார்கள், மரங்களை வெட்டினார்கள், புது மரம் நட்டார்கள். எங்கட பெண்களின் தாலி மட்டும் மண்ணுக்குள் கிடந்தது.

அதை எடுத்துக் கொடுத்தவர்தான் எங்கள் கிறிஸ்தோப்பர் அண்ணை!

அவர் தேடும் முறையைச் சொல்லவேண்டும். போன கையோடு மிசினைப் போடமாட்டார். முதலில் அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துக் கதைப்பார். எந்த மரம் என்று கேட்கமாட்டார், மரம் மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். "அக்கா, தாட்டுப்போட்டு எந்தப் பக்கம் பாத்து நிண்டு அழுதனீங்கள்?" என்பார். எங்கட றோசம்மா அக்கா, அந்தா பின்னால் இருக்கிறா, முதலில் கோபப்பட்டா. "நான் ஏன் அழுறன்? என்ன கதை கதைக்கிறியள்?" என்றா. கொஞ்ச நேரத்தில் அக்கா மெல்லத் திரும்பினா. "இஞ்சாலை கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றா. அந்தக் கொடிக்கம்பத்தின் சீமெந்து அடி புல்லுக்குள் இருந்தது. அங்கிருந்து தொடங்கினோம். சோடா மூடிகளும் துருப்பிடித்த கரண்டியும் கிளம்பியபிறகு பேணி வந்தது.

பேணியை அவர் தொடவில்லை. ஒருநாளும் தொடமாட்டார். மண்ணை விலக்கிவிட்டு எழும்பித் தள்ளி நிற்பார். "எடுங்கோ அக்கா, உங்கட கையாலை எடுங்கோ" என்பார். றோசம்மா அக்கா எடுத்தா, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதா. அவவின் மனுசன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஏனென்றால் அந்தத் தாலி பிளேனில் களவு போனது என்றுதான் அவருக்கு அத்தனை வருசமும் சொல்லப்பட்டிருந்தது! சிரியுங்கோ, சிரியுங்கோ, அண்ணையும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்.

தோண்டிய குழியை மூடுவதிலும் அவர் ஒரு பிடிவாதக்காரர். புல்லைத் துண்டாக எடுத்து, அதேபடி திருப்பி வைத்து, காலால் அமத்தி, இலையைத் தூவி விட்டுத்தான் நகர்வார். பழைய ஜெர்மன் காசு ஏதும் வந்தால் அதைக் கொண்டுபோய் உரிய இடத்தில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "இது ஆரோ வேறை ஆக்கள் தாட்டது" என்பார்.

எல்லோரும் அப்படியா? இல்லையே! மிசின் மலிந்துவிட்டது. எவரெவரோ இரவோடு இரவாக வந்து கிளறிவிட்டுக் குழியைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போகிறார்கள். உலகப்போர்க் காலத்துக் குண்டு ஒன்றை ஒருவன் தூக்கித் தட்டிப் பார்த்திருக்கிறான். நகரசபைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை இதற்கான நகரசபைக் குழு கூடுகிறது. இனிமேல் நகரசபையின் காடு, புல்வெளி, ஆற்றங்கரை எதிலும் டிடெக்டரோடு யாரும் கால் வைக்க முடியாது என்று தீர்மானிக்கப் போகிறார்கள். அண்ணைக்கு இருந்தது ஒரு தனி அனுமதி. அது அவருடைய பெயருக்குத் தந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது.

இன்று காலையில் கிருஷ்ணசாமி அவர்கள் அண்ணையின் மிசினைத் திருத்திக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "பாஸ்கரன் சார், மெஷின் பெர்ஃபெக்ட்டா இருக்கு. பேட்டரி புதுசு. பெர்மிஷன் மட்டும் வாங்கிடுங்க" என்றார். பெர்மிஷன் மட்டும்! ஐயா, அந்த 'மட்டும்'தான் எங்களைச் சாப்பிடுகிறது.

ஏன் அவசரம்? எடுக்கவேண்டியதெல்லாம் எடுத்தாச்சுத்தானே என்று கேட்பீர்கள். ஒன்று இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. பிறேமா அக்காவின் தாலி.

ஓம். ஊருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவரின் வீட்டுத் தாலி! அதைத் தாட்டவர் கிறிஸ்தோப்பர் அண்ணையே. வருசா வருசம் தேடினார். மற்ற ஆக்களின் வேலை முடிந்தபிறகு, வெளிச்சம் போகும்வரைக்கும், தனக்கென்று கொஞ்ச நேரம் தேடுவார். கிடைக்கவில்லை. ஒருமுறை நான் பகிடியாக, "நீங்கள் எந்தப் பக்கம் பாத்து நிண்டு அழுதனீங்கள்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் அழேல்லை பாஸ்கரன். ஆரும் பாத்திடுவினமோ எண்டு ஓடி வந்திட்டன். அதுதான் இடம் ஞாபகமில்லை" என்றார்.

அவருடைய சவப்பெட்டியை மூடமுன் என்ன நடந்தது என்று பெண்கள் கண்டீர்கள். தாலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பது அவர்களின் குடும்ப வழக்கம். கழுத்தில் கிடக்கும் சங்கிலியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்றா. "இது கடையிலை வாங்கின சங்கிலி. இது தாலி இல்லை. அவர் கட்டினது அங்கை கிடக்கு" என்றா. பெட்டியை அப்படியே மூடினோம். அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தத் தாலியை எடுத்து அவருடைய கல்லறை மண்ணில் வைக்காமல் இந்த மனுசிக்கு நிம்மதி வருமா? எங்களுக்குத்தான் வருமா?

நகரசபைக்கு ரெலிபோன் எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தா அங்கே வேலை செய்யும் அம்மா. குழுவுக்கு முன்னால் வந்து சொன்னால் ஒரு கடைசி அனுமதி தருவதை யோசிக்கலாம் என்றா. சொல்லவேண்டியது மூன்று. என்ன பொருள்? யாருடையது? அது எப்படி அங்கே போனது?

எப்படி அங்கே போனது! விளங்குகிறதா? அண்ணை இதுவரைக்கும் என்ன சொல்லி வந்தவர்? நடக்கப்போன இடத்தில் மோதிரம் விழுந்துவிட்டது என்று சொன்னவர். இந்தத் தமிழருக்கு மட்டும் ஏன் இத்தனை மோதிரம் விழுகிறது என்று அவர்கள் யோசிக்காமலா இருந்திருப்பார்கள்? இப்போது நேராகக் கேட்கிறார்கள். உங்களுக்கு ஒளித்துத் தாட்டோம் என்று அம்ட்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வதா? சொன்னால் என்ன நடக்கும்? பழைய ஃபைலைத் திறப்பார்களா? பாஸ்போட்டில் கை வைப்பார்களா? பிள்ளைகளின் அவுஸ்பில்டுங் தொழிற்படிப்பு, வேலை எல்லாம் என்னவாகும்? வழக்கறிஞரிடம் போனேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்காது என்றார். "நிச்சயமாகவோ?" என்றேன். "அநேகமாக" என்றார். அநேகமாக! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நித்திரை கொள்வது?

எனக்கும் மோதிரக் கதைதான் சுகமாகப் பட்டது. விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம் என்று இன்று காலையில் பிறேமா அக்காவிடம் சொன்னேன். அக்கா என்ன சொன்னா தெரியுமா?

"வேண்டாம் தம்பி. நகரசபையிலை ஒவ்வொரு டெர்மினுக்கும் முதல்நாள் அந்த மனுசன் சோறு தின்னாது. பொய்யைப் பாடமாக்கிக்கொண்டு இருக்கும். களவெடுத்த ஆள் மாதிரி. நாங்கள் ஆருடைய நகையைக் களவெடுத்தனாங்கள்? எங்கட அம்மா அப்பா போட்டுவிட்ட நகை. நான் போய்ச் சொல்லுறன். எங்களுக்குப் பயமாயிருந்தது, பயந்துதான் தாட்டனாங்கள் எண்டு சொல்லுறன். நீங்கள் ஜெர்மனிலை சொல்லிவிடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

சபையோரே! ஒரு விதவைப் பெண், கணவனை இழந்து மூன்று கிழமையில், தனியே போய் அந்தக் குழுவுக்கு முன்னால் நிற்பதா? அவருடைய பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு வடை தின்று தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவதற்கா இந்த மண்டபத்தை எடுத்தோம்? அவர் எடுத்துக் கொடுத்த நகை இந்த மண்டபத்துக்குள் எத்தனை கழுத்தில் கிடக்கிறது! ஜாக்கெட்டுக்குள்ளும் கம்பளிக்குள்ளும் மறைத்துப் போட்டிருக்கிறீர்கள். இன்னும்! இருபது வருசத்துக்குப் பிறகும்!

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நகரசபை மண்டபத்துக்கு வாருங்கள். பொதுக் கூட்டம், யாரும் வந்து இருக்கலாம். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. பேசுவதை அக்காவும் நானும் பேசுகிறோம். அவர் எடுத்துத் தந்ததை உடுப்புக்கு வெளியே, எல்லோருக்கும் தெரியத் தக்கதாகப் போட்டுக்கொண்டு வந்து, பிறேமா அக்காவுக்குப் பின்னால் இருங்கள். எப்படி அங்கே போனது என்று அவர்கள் கேட்கும்போது, அக்கா தனி ஆளாக நிற்கக்கூடாது.

வராதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கே பயம்தான். அனுமதி கிடைக்குமோ தெரியாது. கிடைத்தாலும் அந்தச் சரிவில் அது அகப்படுமோ, அதுவும் தெரியாது. ஆனால் கிடைத்தால், அந்த மிசினை நான் பிடிப்பேன். அவர் நின்ற மாதிரியே தள்ளி நிற்பேன். அக்கா தன் கையால் எடுப்பா. இது இந்தச் சபைக்கு முன்னால் நான் தரும் வாக்கு.

மண்ணறி செல்வரே! எங்கள் கிறிஸ்தோப்பர் அண்ணை! ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும். எங்களுக்குப் பயம் போகேல்லை அண்ணை. பயத்தோடைதான் போறம்.