கண்ணாடி அழுத்துகிற இடம்

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். சொல்வதற்கென்ன, காசா பணமா. எனக்குப் பார்வை மங்கிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல எதிரே ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். கை பின்தங்கினாலும் பேச்சு தப்பிவிடக் கூடாதென்று மேசைமேல் ரெக்கார்டரும் ஓடுகிறது.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "எப்படிம்மா உங்க கதையில காதலிக்கிறவங்க இவ்வளவு இயல்பா பேசிக்கிறாங்க?" பயப்படாதீர்கள் கண்ணுகளா, அதற்குத் திறமை வேண்டாம், காது போதும். எனக்கு முகம் தோன்றாது, நிலா தோன்றாது. இரண்டு பேர் பேசுவது மட்டும் கேட்கும். கேட்காத அன்று பேனாவை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவேன்.

ஒரு காலத்தில் துணி மட்டுமே மடித்துக்கொண்டிருந்தேன். என் கதாநாயகன் பேசுவது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதென்று ஆசிரியரே சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை போட்டார். என் மகள் என்னுடைய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி படியிறங்க ஆரம்பித்தாள். மாடிப்படி குறுகலானது. கீழே பேசினால் மேலே கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும்.

"அம்மாவுக்குக் காது பின்னாடி அழுத்துதாம்."

"நேத்து மூக்குல அழுத்துதுன்னீங்க."

"அது நேத்து."

"நாளைக்கு எங்கே அழுத்தும்னு இப்பவே சொல்லிட்டா, சாமானோட மேலேயே வந்துடுவேன்."

"வாங்களேன். யார் வேண்டாங்கறா?"

எனக்கு எங்கேயும் அழுத்தவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேசுவது குறைந்த நாட்களில் ஃப்ரேமை நானே கொஞ்சம் வளைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பேசியதெல்லாம் அப்படியே தொடர்கதைக்குப் போயிற்று. பத்திரிகை பறந்தது. மகள் மட்டும் என் கதைகளைப் படிப்பதில்லை. "உன் பேச்சைத்தான் நாள் முழுக்க வீட்லயே கேக்கறேனே" என்பாள். நல்ல வாய்த்துடுக்கு அப்போது.

தொடர் பாதியில் இருக்கும்போது, கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊரில் கடை போடப்போகிறோம் என்று இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் எழுதப்போகிறவர்கள், ஆகையால் உங்களுக்குப் புரியும்: கல்யாணமானவர்கள் என்ன பேசுவார்கள்? "பால் வாங்கியாச்சா?" "கதவைச் சாத்தினியா?" அதுவும் வேறு ஊரில். என் காதுக்கு எட்டாமல்.

நான் விரும்பியது சின்னதாக ஓர் ஊடல், அவ்வளவுதான். கதைக்கும் அந்த இடத்தில் அது தேவையாக இருந்தது.

தொலைபேசியில் எனக்கும் என் மகளுக்கும் ஒரே குரல். என் கூடப்பிறந்த தங்கையே ஏமாந்திருக்கிறாள். மகள் அலுவலகம் போன பிறகு கடைக்குப் போன் செய்து, நிதானமாக, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். அவர் முதலில் சிரித்தார். "யார் எழுதிக் கொடுத்தாங்க இதை, அம்மாவா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அப்புறம், "சரிங்க. கண்ணாடி அழுத்தினா மட்டும் சொல்லி அனுப்புங்க" என்றார்.

இப்படி ஒரு வரி நமக்கெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் வருமா?

அவருக்கு வேறிடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம், நமக்குத் தகவல் வந்தது என்று மகளிடம் சொன்னேன். "அதை அவரே வந்து சொல்ல மாட்டாராம்மா?" என்றாள். அந்த வரிக்கு வந்த வாசகர் கடிதங்களை வைக்க இடமில்லாமல் போயிற்று.

அவர் வந்தார். அவளில்லாத நேரத்தில். அவள் உள்ளேதான் இருக்கிறாள், வெளியே வரமாட்டேன் என்கிறாள் என்றேன். சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, ஃப்ரேமை நிமிர்த்தி, சட்டைத் துணியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் படியிறங்கினார். கொஞ்ச நாளில் கீழே செருப்புக் கடை வந்துவிட்டது.

அவர்களாகவே சேர்ந்துவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். அடித்துச் சொல்கிறேன், அது நிஜமான காதல் என்றால் கண்டுபிடித்திருப்பார்கள். நான் என் பங்குக்குக் கடைசி அத்தியாயத்தில் அவர்களைச் சேர்த்துவைத்தேன். கல்நெஞ்சக்காரி என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

ஆக, செய்தது நான்தான். மகள் கல்யாணம் வேண்டாமென்று என்னோடேயே இருந்துவிட்டாள். என்னைத் தாங்குகிறாள், குறை சொல்ல முடியாது. பேச்சுதான் வற்றிவிட்டது. "ம்" என்பாள். "சரி" என்பாள். "ம்"மை வைத்துக்கொண்டு எத்தனை அத்தியாயம் ஓட்டுவது, சொல்லுங்கள்.

இப்போது எழுதும் நாவலில் ஒரு பெண், இத்தனை காலம் கழித்து உண்மை தெரிந்து, தன் அம்மாவிடம் பேச வேண்டும். அவளுடைய முதல் வார்த்தை எனக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது. மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து பார்த்துவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

எதிரே தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"அன்னிக்கு அவர் வாசல் வரைக்கும் வந்தாராம்மா?"

பார்த்தீர்களா கண்ணுகளா. நானாக எழுதியிருந்தால், ஏன் இப்படிச் செய்தாய் என்றுதான் அவளைக் கேட்க வைத்திருப்பேன். மனசு முதலில் வாசலுக்குத்தான் ஓடும் என்று எனக்குத் தோன்றியிருக்குமா?

வந்தார்டி கண்ணு. நீ ஒண்ணும் அடிக்க வேண்டாம், ரெக்கார்டர் ஓடிட்டுதான் இருக்கு. அழுகையை அப்புறம் வெச்சுக்கோ, வார்த்தை தெளிவா விழாது. கொஞ்சம் கிட்ட வந்து சொல்லு.