அலுனாரியாவில் ஒரு சாவு வீடு

பன்றியைச் சாகடிப்பது சுலபமான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், மேடம். செபுவில் உட்கார்ந்து ஒருவர் பன்றியைக் குத்துகிறார். அதே பன்றியை தவாவிலிருந்து இன்னொருவர் குத்துகிறார். இரண்டு திரையிலும் அது ஒரே நேரத்தில் சாக வேண்டும். இவர் திரையில் மல்லாந்து கிடக்கும் பன்றி அவர் திரையில் மேய்ந்துகொண்டிருந்தால், அந்த விளையாட்டை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அந்த ஒரு பன்றிக்கே எங்களுக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னை ஏமாற்றுக்காரன் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஏமாற்றுக்காரன் ஒரு பன்றிக்காக இவ்வளவு பாடுபடுவானா?

அலுனாரியா என்ற அந்த விளையாட்டைக் கட்டியது இரண்டு பேர். நானும் மைலீனும். மாண்டவேயில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் ஓர் அறை. என் பெயர் அட்டையில் லியாண்ட்ரோ, உலகச் சிற்பி என்று இருக்கும். மைலீனுக்கு அட்டை அடிக்கவில்லை. நிரல், படம், சர்வர் என்று மிச்ச எல்லாவற்றையும் அவள் செய்துகொண்டிருந்ததால் என்ன போடுவதென்று தெரியவில்லை.

"கூயா, உலகத்தப் படைச்சு முடிச்சிட்டீங்கன்னா கீழ போயி ரொட்டி வாங்கிட்டு வாங்க," என்பாள். "ஆண்டவரே ஏழாவது நாள்தான் ஓய்வெடுத்தாரு. நீங்க முத நாள்லேர்ந்தே எடுக்கறீங்க."

கூடப் பிறக்காவிட்டாலும் என்னைக் கூயா என்றுதான் கூப்பிடுவாள்; தங்கை அண்ணனைக் கேலி செய்வதுபோல்தான். நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

விளையாட்டைத் திறந்துவிட்டோம். பெரிய ஊர்ச் சதுக்கம், நடுவில் நீரூற்று, சுற்றிலும் கடைகள். ஒருவர் வருவார். சுற்றிப் பார்ப்பார். யாரும் இல்லை. போய்விடுவார். அவர் போன பிறகு இன்னொருவர் வருவார். அவருக்கும் யாரும் இல்லை. சிறிய விளையாட்டு கட்ட என்ன தேவை என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். நிரல் எழுதிவிடலாம், பன்றியையும் வரைந்துவிடலாம். பக்கத்தில் நிற்க இன்னொரு ஆளை எங்கே போய் வரைவது?

கடையை மூடிவிடலாம் என்று மைலீன் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாங் ஃபிடெல் இறந்துபோனார். ஓய்வுபெற்ற கப்பல்காரர், விளையாட்டில் வைத்தியர், வந்த புதியவர்களுக்கெல்லாம் காயம் ஆற்றிவிடுவார். அது இயற்கையான சாவு. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதைத் தயவுசெய்து வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் உடலைத் தனியே விடுவதில்லை அல்லவா, அதையே இவர்கள் சதுக்கத்தில் செய்தார்கள். நீரூற்றடியில் அவருடைய தொப்பியை வைத்து, முறைபோட்டுக் காவல் நின்றார்கள். வராமல் போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். அழுகை, ஜெபம், சீட்டாட்டம், எல்லாம் இருந்தது.

"அழுதது போதும், சீட்டப் போடு. மாங் ஃபிடெல் இருந்தா இந்நேரம் உன்ன துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓட விட்டிருப்பாரு."

"அவரு கள்ளாட்டம் ஆடுவாருடா."

"செத்தவர இப்பிடியா பேசறது?"

"செத்தும் ஆடறாரே! என் ராஜாவக் காணோம் பாரு."

மைலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சர்வரின் கொள்ளளவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை நான் பார்த்தேன். அது மேலே போய்க்கொண்டிருந்தது. மற்ற கம்பெனிகள் கூட்டம் சேர்க்க டிராகனை இறக்குகிறார்கள். நம் ஆட்கள் டிராகனுக்கு எழுந்து வர மாட்டார்கள். சாவு என்றால் கடல் தாண்டி வருவார்கள். ஒன்பது நாள் ஜெபம், நாற்பதாம் நாள், பிறகு ஆண்டுத் திவசம். நாள்காட்டியைத் திருச்சபை எப்போதோ போட்டு வைத்துவிட்டது. நான் இரவல் வாங்கினேன், அவ்வளவுதான்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு சதுக்கம் மறுபடி காலி. அடுத்த கிழவருக்காகக் காத்திருப்பது மனிதத் தன்மையாக எனக்குப் படவில்லை. அதனால் பெர்லிட்டாவை உண்டாக்கினேன்.

சமார் கரைக்கு அப்பால் கபுலான் என்ற சின்னத் தீவு. படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண். கரண்ட் போனால் பாதிப் பேச்சில் காணாமல் போவாள். சிறுநீரகம் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. திடீரென்று சாகடித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் பேசியதெல்லாம் நான் தட்டியதுதான். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. கிரிசான்டோவுக்குக் கொஞ்சம் அதிகமாக.

அவர் ஓர்மோக்கில் ஐஸ் வண்டி ஓட்டுபவர். கல்யாண வயதைத் தாண்டியவர். அம்மாவோடு இருந்தார்.

"பெர்லி, சாப்ட்டியா?"

"ம். நீ?"

"ஐஸ் வண்டிக்காரன் சோறும் சில்லுனுதான் இருக்கும். நீ வந்து சுட வெச்சுத் தா."

"மூஞ்சியப் பாரு."

"மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லு. நேர்ல வரவா?"

அந்த நாட்களில் நான் ஒருமுறைகூட அவரைக் காக்க வைத்ததில்லை. மைலீன்தான் கேட்டாள்: "கூயா, அந்தாளு நெசமாவே உருகறாரு. உண்மையச் சொல்லிடுங்க." சொல்லலாம் என்றேன். அதன்பின் பெர்லிட்டா இறந்துவிட்டதால் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.

மாங் ஃபிடெலுக்கு வந்ததைவிடப் பெரிய கூட்டம். சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை அனுப்பப் பலர் முன்வந்தார்கள். பெர்லிட்டாவின் அக்கா நீடா வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். நீடாவும் நான்தான். ஒரு சென்டாவோகூட வாங்கவில்லை, மேடம். அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் கணக்குத் தப்பிவிட்டது. வெளிநாட்டுக்காரனாக இருந்தால் ஒரு பூப்படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருப்பான். நம் ஆட்களுக்கு விளையாட்டில் தொப்பியைச் சுற்றி நிற்பது போதாது; பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இதே ஊரில் பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துபோனேன்.

கிரிசான்டோ சதுக்கத்தில் நின்று சொன்னார்: "அவ அங்க கெடக்கறா, நான் இங்க உக்காந்து பொத்தான அமுக்கிட்டு இருக்கறதா? கெளம்பிட்டேன்."

பஸ்ஸிலிருந்து செய்தி போட்டார். பாலம் தாண்டியதும் போட்டார். அவர் எங்கே வந்துவிட்டார் என்று கேட்கவே ஆட்கள் சதுக்கத்தை விட்டு நகரவில்லை. வரைபடம் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

"புயல் வருது, எச்சரிக்கை ஏத்திட்டாங்க," என்றாள் மைலீன். "பெர்லிட்டான்னு ஒருத்தியே இல்லன்னு ஒரே ஒரு வரி போடுங்க கூயா. திட்டுவாரு, திரும்பிப் போயிடுவாரு."

நான் யோசிக்காமல் இல்லை. அந்த ஒரு வரியால் சதுக்கம் அன்றைக்கே காலியாகிவிடும். ஒரு குடும்பமாய்ச் சேர்ந்த இத்தனை பேரின் மனம் உடையும். ஒருவர் நனைவதை அதனோடு வைத்துப் பார்த்தேன்.

கரையிலிருந்து அவர் நீடா அக்காவுக்கு எழுதினார். "படகெல்லாம் நிறுத்திட்டாங்க ஆத்தே. ஒரு மீன்காரரு மட்டும் அழைச்சிட்டுப் போறேங்கறாரு. வரவா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

மழை மேசையில் அடித்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து பதில் எழுதினேன். "நாளைக்குக் காலையில அடக்கம், தம்பி. பெட்டிய இன்னும் மூடல. உனக்காகத்தான் வெச்சிருக்கோம்."

படகின் துண்டுகள் மூன்றாம் நாள் கரை ஒதுங்கின. மீன்காரரும் போய்விட்டார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் எங்கள் விளையாட்டில் இல்லாதவர்.

கிரிசான்டோவுக்குச் சதுக்கத்தில் காவல் நின்றதுபோல் யாருக்கும் நின்றதில்லை. மைலீன் கூட்டத்துக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள், அப்படியே உங்களிடமும் வந்தாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை; அவளுக்கு அவரைத் தெரியாது.

வரும் ஞாயிறு ஓர்மோக்கில் அவருடைய நாற்பதாம் நாள். என்னை உங்கள் காவலில் அங்கே அழைத்துப்போக அனுமதி கேட்டு எழுதித் தருகிறேன். அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார், கல்யாணமானால் எந்தப் பக்கம் ஜன்னல் வைத்து வீடு கட்ட நினைத்தார் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மனம் விட்டு அவர் பேசியது என் ஒருவனிடம்தான், மேடம்.