அறுபது சென்டிமீட்டர் ஒயர்

என் பெயர் கபம்ப்வே முத்தாலே. வயது நாற்பத்திரண்டு. கிட்வே நகரம், சிம்வெம்வே குடியிருப்பில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை நடத்தி வருகிறேன். அக்கம்பக்கத்தார் என்னை என் மகள் பேரால் சோலா அம்மா என்று கூப்பிடுவார்கள். பொறியாளர் சிக்கோட்டா லுபிந்தா என் மீது கொடுத்த மோசடிப் புகார் சம்பந்தமாக, சார்ஜன்ட் முசோண்டா விசாரிக்க, என் மனமறிந்து சொல்வது பின்வருமாறு.

மேற்படி லுபிந்தா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்கள் செய்யும் எங்கள் சங்கத்தின் தலைவர்; நானும் அதில் உறுப்பினர். சென்ற மே மாதம், அவர் செய்த பெரிய விமானத்துக்கு மோட்டாரும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரும் பொருத்தித் தரச் சொன்னார். நான் புதுக் கன்ட்ரோலர் வாங்கி, பேட்டரி ஒயரை ஒரு சாணுக்கும் குறைவாக வைத்துப் பொருத்திக் கொடுத்தேன். அதன் பிறகு அவர், விமானத்தின் மூக்கு கனமாக இருப்பதால் பேட்டரியை வால் பக்கம் தள்ளப்போவதாகச் சொன்னார். "தள்ளுங்க சார். ஆனா பேட்டரி ஒயர நீட்டாதீங்க. கன்ட்ரோலரயும் கூடவே பின்னால வச்சு, மோட்டாருக்குப் போற மூணு ஒயர நீட்டிக்கங்க" என்றேன். அதற்கு அவர், "காயில் சுத்துற பொம்பள எனக்குக் கரண்டு பாடம் நடத்துது பாருங்கப்பா" என்று சங்கத்தார் முன்னால் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

அதன் பிறகு ஜூன் 3 அன்று, அந்த விமானம் ஏறிய நாலாவது நிமிடத்தில் புகைந்து விழுந்து, நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின் கண்ணாடியை உடைத்தது. உள்ளே ஒரு பெண், தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். காயம் இல்லை. குழந்தையின் தலைமுடியிலிருந்து கண்ணாடித் தூளை நான்தான் எடுத்தேன். அன்று மாலையே லுபிந்தா, நான் பழைய கன்ட்ரோலரைப் புதிதென்று ஏமாற்றியதாக எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு என் பட்டறைக்கு ஒரு மோட்டார்கூட வரவில்லை.

போலீசார் விமானத்தைப் பிரித்தபோது நான் உடனிருந்தேன். பேட்டரி ஒயர் அறுபது சென்டிமீட்டர் இருந்தது. கன்ட்ரோலரில் பேட்டரிக் கரண்டைத் தாங்கிப் பிடிக்கும் கண்டென்சர்கள் உப்பி வெடித்திருந்தன. "ஒயர் நீளமா இருந்தா என்னம்மா, கரண்டு போகாதா?" என்று சார்ஜன்ட் கேட்டார். "போகும் சார். ஆனா கன்ட்ரோலர் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ கரண்ட விட்டு விட்டு நிறுத்துது. லாரி சடன் பிரேக் போட்டா மூட்டையெல்லாம் முன்னால வந்து மோதும்ல, அப்படி ஒவ்வொரு தடவையும் ஒயர்ல ஓடுற கரண்டு வந்து மோதும். ஒயர் நீள நீள மோதல் ஜாஸ்தி. அடி வாங்குறது கண்டென்சர்தான்" என்றேன். சங்கத்தார் எல்லார் முன்னாலும் செய்துகாட்ட அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

அதன் பிறகு ஜூன் 17 காலை விமானத் திடலில், அதே வகைப் புதுக் கன்ட்ரோலர்கள் இரண்டின் பெட்டிகளை சார்ஜன்டே பிரித்தார். முதலாவதை லுபிந்தாவின் நீள ஒயரில் மாட்டி, மேசையில் இறுக்கிய மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினேன். மூன்றாம் நிமிடம் கண்டென்சர் பட்டென்று வெடித்தது. லுபிந்தா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அதன் பிறகு இரண்டாவதைக் குட்டை ஒயரில் மாட்டி, மோட்டார் ஒயர்களை அதே அறுபது சென்டிமீட்டருக்கு நீட்டி ஓட்டினேன். பேட்டரி தீரும் வரை ஓடியது. சார்ஜன்ட் கண்டென்சரைத் தொட்டுப் பார்த்து, "சுடவே இல்ல" என்றார்.

அதன் பிறகு அதே கன்ட்ரோலரையும் அதே ஒயர்களையும் என் விமானத்தில் ஏற்றி, புதுப் பேட்டரி மாட்டிப் பறக்கவிட்டேன். ஒன்பது நிமிடம் பறந்தது. கூட்டத்தின் தலைக்கு மேலே தலைகீழாகவும் ஒருமுறை ஓட்டினேன், அது தேவையில்லைதான். அன்று பிக்கப்பில் இருந்த அந்தப் பெண், தன் குழந்தையைத் தூக்கி விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இறக்கியதும் லுபிந்தா வந்து, "சோலா அம்மா, தப்பு எம்மேல. புகார வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். "அன்னிக்குச் சிரிச்சவங்களுக்கும் கேக்கணும் சார்" என்றேன். அவர் திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு கைதட்டினார்கள்.

இதை சார்ஜன்ட் வாசித்துக் காட்டக் கேட்டேன். என் விமானம் 'அதிர்ஷ்டவசமாக' ஒன்பது நிமிடம் பறந்தது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மீதி அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்) கபம்ப்வே முத்தாலே